நான் அழிக்கவில்லை, தேர்ந்தெடுத்தேன்

வெளியே வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கலாம், டாக்டர். ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க மவுஸைப் பிடித்துக்கொண்டு அவர் படுகிற பாட்டை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கிறார், கை நழுவி இரண்டு வரி சேர்ந்து வருகிறது, விடுகிறார், மறுபடி இழுக்கிறார். வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி எண்ட் விசையைத் தட்டினால் வரி முழுவதும் வந்துவிடும். எழுந்து போய்ச் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து, "சும்மா உக்காருங்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்காதீங்க" என்றாள். பழைய குரலில் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாயிற்று.

நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது நியாயமான கேள்வி. இவளுடைய மறதி எங்கே, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நான் அறையில் இல்லாதபோது எல்லாக் கேள்விக்கும் சட்சட்டென்று பதில் சொன்னவள், நான் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்தாள் என்கிறீர்கள். இதைக் கவனித்த முதல் டாக்டர் நீங்கள்தான். கண் கூர்மையானவர்களிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அதனால் மறைக்கத் தோன்றவில்லை. கொஞ்சம் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே பதிப்பகத்தில் வேலை பார்த்தோம். பெரிய பெரிய நூல்கள் போடுகிற இடம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள். கையால் எழுதிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அதைப் பார்த்துக் கணினியில் அடிப்பது எங்கள் பிரிவின் வேலை. அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறியபோது அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தது நான்தான், அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

முதல் வேலையாக எல்லா மேசையிலிருந்தும் மவுஸைக் கழற்றி என் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். வாய்விட்டே திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டேன். மவுஸைத் தொடுகிறவன் ஒவ்வொரு முறையும் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்கிறான், கண்ணைத் தாளிலிருந்து எடுக்கிறான். அப்புறம் விட்ட இடத்தைத் தேடி அலைகிறான். விசையிலேயே எல்லாம் முடியும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடப்பக்க அம்பைத் தட்டினால் ஒரு சொல் தேர்வாகும். மேல் அம்பைத் தட்டினால் பத்தி. ஹோம் விசையைத் தட்டினால் கர்சர் நிற்கிற இடத்திலிருந்து நூலின் முதல் எழுத்து வரைக்கும் மொத்தமும் நீலமாகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதைப் பார்த்து அலறுவார்கள். ஐயோ, எல்லாம் போச்சு மாஸ்டர் என்பார்கள். ஒன்றும் போகவில்லை என்று சொல்வேன். நீலம் என்றால் கணினி உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு எழுத்தைத் தட்டினீர்களானால், நீலமாக இருப்பது பூராவும் போய் அந்த ஒற்றை எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். தேர்ந்தெடுப்பது வேறு, அழிப்பது வேறு. தட்டுகிறவர்தான் அழிக்கிறார். இதை என் வகுப்பில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மனைவி அதே பிரிவில் தட்டச்சாளர். அவளுக்கு அலுவலகத்தில் புயல் என்று பெயர். சின்னவர்கள் புயலக்கா என்பார்கள். விசைகள் மேல் விரல் படுகிறதா இல்லையா என்றே தெரியாது, அப்படி ஒரு வேகம். வேகத்தைவிடப் பெரிய விஷயம் அவளுடைய கண். அது கையெழுத்துத் தாளை விட்டு நகராது. பழைய தட்டச்சுப் பள்ளியில் பழகியவள். அங்கே விரலைப் பார்த்தாலே அடி விழும், அடித்த தாளைப் பார்ப்பதும் கௌரவக் குறைச்சல். திரையை அவள் ஏறிட்டுப் பார்ப்பது ஒரு கட்டு முடிந்த பிறகுதான். பத்திக்குப் பத்தி சேமிப்பதுகூடக் கை தன்னால் செய்துகொள்ளும். "திரையப் பாத்து அடிக்கிறவ, கண்ணாடியப் பாத்துக்கிட்டே நடக்கிறவ மாதிரி" என்று சிரிப்பாள். எனக்கு அதில் பெருமைதான். நான் சொல்லிக்கொடுத்தவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று எல்லாரும் என் காதுபடவே சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. ஒவ்வொரு புதுக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். அடுத்தவர் உட்கார்ந்து உருகி எழுதியதை அழுக்குக் கையால் தொடக் கூடாது என்பாள். கணினியைப் பூட்டிவிட்டெல்லாம் போகமாட்டாள். யாரிடமிருந்து பூட்ட வேண்டும்?

அவளுடைய அம்மாவைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். குடும்ப வரலாறு என்று உங்கள் தாளில் ஒரு பகுதி இருக்கிறதே, அங்கே மட்டும் இவள் பதில் சொல்லாமல் அழுதுவிட்டாள் என்றீர்கள். என் மாமியார் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் மனிதர்கள். பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யாரும்மா, இந்த வீட்ல வேலைக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். இவளும் முகம் மாறாமல், "ஆமாம்மா, கை காட்டுங்க, நகம் வெட்டி விடறேன்" என்பாள். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். அம்மா போன பிறகு அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லை, இந்த ஒன்றைப் பற்றித்தான் பயம். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எனக்கும் அம்மா மாதிரி ஆரம்பிச்சா மத்தவங்க மூடி மறைப்பாங்க. நீங்க மறைக்கக் கூடாது. நீங்கதான் எங்கிட்ட மொதல்ல சொல்லணும்." சரி என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். இது வரைக்கும் அவளிடம் கொடுத்த வாக்கை மீறியவன் இல்லை.

எங்கள் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். வேலை முடிந்து ஒன்றாகப் பேருந்தில் வருவோம், படியேறுவோம், அவள் பையில் சாவியைத் துழாவுவாள், நான் பின்னால் நிற்பேன். எனக்கு அவ்வளவு போதும். இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். அங்கே புதிதாக ஒரு பெரிய பிரிவு தொடங்குகிறார்கள், அதற்குத் தலைமை தாங்க ஒருவர் வேண்டும். நான் என் மேசையை ஒழுங்காக அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேனேஜர் அறைக்குப் போய்விட்டு நேராக என் மனைவியின் மேசைக்குப் போனார். இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

பொறாமை என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். நான்தான் முதலில் கை கொடுத்தேன். இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து எல்லா மேசைக்கும் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு சின்னப் பெண் மாதிரி அங்கும் இங்கும் நடந்தாள். "ரெண்டு வருஷம்தானே. லீவு விட்டா ஓடி வந்துடுவேன். நீங்க ரெண்டு குழம்பு கத்துக்கோங்க, போதும்" என்றாள். என்னையும் வா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கீழே போய் நான் என்ன வேலை பார்ப்பது? வேலை விட்டு வந்து, அந்தக் கதவை நானே திறந்து, இருட்டில் சுவிட்சைத் தடவுவதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. வயதான ஆண் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் அப்போது பறவைகளைப் பற்றிய ஒரு பெரிய நூலை அடித்துக்கொண்டிருந்தாள். அதை எழுதிய பேராசிரியரின் கையெழுத்தும் கோழி கிளறினதுபோலவே இருக்கும், அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அவள் கை கழுவப் போயிருந்தாள். எழுத்துருவின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் அவள் மேசைக்குப் போய், நின்றபடியே கன்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்பு தட்டினேன். அவள் கடைசியாக அடித்த பத்தி நீலமாயிற்று. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டார், போய்விட்டேன். திரும்பும்போது அவள் வந்து உட்கார்ந்து கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பத்தி இன்னும் நீலமாக இருந்தது. அவள் கண் தாளில். விரல் விசையில் பட்டது. பத்தி போயிற்று.

மரங்கொத்தியின் கூட்டைப் பற்றிய பத்தி அது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும், அவளே இரண்டு விசையில் திருப்பிக் கொண்டுவந்திருப்பாள். ஆனால் அவள் அடித்துக்கொண்டே போனாள். எனக்கும் வேடிக்கையாக இருந்தது. எப்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறாள் பார்ப்போம் என்று நின்றேன். அவள் பார்க்கவே இல்லை.

எங்கள் பிழைதிருத்துநரை எல்லாரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். என் மனைவிக்கு உயிர்த்தோழி. அச்செடுத்த தாளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள்தான் கண்டுபிடித்தாள். "என்னக்கா, மரங்கொத்தி கூடு கட்டாமலே குஞ்சு பொரிச்சிடுச்சு" என்று கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து காபியைக் கலந்து என் முன்னால் வைத்துவிட்டு, "நான் அந்தப் பத்திய அடிச்சேங்க. நல்லா ஞாபகம் இருக்கு. மரத்த எப்படிக் குடையும்னு வரி வரியாச் சொல்லட்டுமா?" என்றாள். சொல்லவும் செய்தாள். நான் மெதுவாகச் சொன்னேன். "படிச்சது ஞாபகம் இருக்கு உனக்கு. படிச்சதையே அடிச்சதா நினைச்சுக்கிற. அசதிதான், வேற ஒண்ணுமில்ல." அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, தலையை என் தோளில் சாய்த்தாள். அப்படிச் சாய்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். அவள் கை கழுவப் போகும்போது அந்தப் பக்கமாக நடப்பேன். மாஸ்டர் மேசை மேசையாக நடப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? சில நாள் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். சில நாள் ஒரு வரி. அவள் ரொம்பத் தெம்பாக இருக்கிற நாளில் பத்தி. எத்தனையோ நாள் சும்மாவும் விட்டேன், அளவு மீறக் கூடாது என்று. நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை, டாக்டர். நீலமாக்கினேன். வந்து உட்கார்ந்தவள் ஒரே ஒரு முறை தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எவ்வளவோ நாள் அவளுக்குப் பின்னால் நின்று, பார்த்துவிடு, பார்த்துவிடு என்று மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அந்த வாய்ப்பை நான் ஒவ்வொரு முறையும் கொடுத்தேன்.

பூதக்கண்ணாடியின் கிண்டல் நின்றுபோனது. விடுபட்டதை எல்லாம் தனித் தாளில் எழுதி, மற்றவர் பார்க்காமல் என் மனைவியின் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அந்த அன்புதான் இவளை ரொம்ப வாட்டியது. வேகம் குறைந்தது. அடித்ததையே இரண்டு முறை அடித்தாள். ஒரு முறை பூதக்கண்ணாடி என்னிடமே வந்து, "மாஸ்டர், அக்கா அடிக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா? எனக்கென்னவோ அவங்க தப்பா அடிக்கிற ஆள் இல்லன்னு தோணுது" என்றாள். தாராளமாக உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்த நாட்களில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. என் மனைவியே வீட்டில் சொன்னாள். "பக்கத்துல ஆள் இருந்தாத்தான் புத்தி ஒழுங்கா இருக்குது போல. அம்மாவுக்கும் அப்படித்தானே ஆரம்பிச்சது?"

வாக்கு என்று ஒன்று இருந்ததே. அன்றைக்குத்தான் அதைக் காப்பாற்றினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே மறைக்கக் கூடாதுன்னு சொன்ன" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நல்ல வேளை, நீங்க இருக்கீங்க" என்றாள்.

வீட்டில் நான் எதையும் தொட்டதில்லை. சாவியை ஒளித்துவைப்பது, பாலைக் கொட்டிவிடுவது என்று மட்டமான காரியம் எதுவும் செய்யவில்லை. கேள்விதான் கேட்டேன். வெளியே கிளம்பும்போது, "அடுப்ப அணைச்சியா?" என்பேன். அணைத்திருப்பாள். இருந்தாலும் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். "மகளுக்குப் போன் பண்ணினியா?" என்பேன். பண்ணியிருப்பாள். இருந்தாலும் யோசிப்பாள். கேள்வி கேட்பதை எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எழுதியிருக்கிறது?

ஆனால் இடமாற்றத்தை அவள் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "பறவை நூல மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டா எனக்குத் தைரியம் வந்துடும், போய் வேலையில மூழ்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். அவளுக்குள் அப்படி ஒரு அழுத்தம் இருப்பது எனக்குத் தெரியாது. கடைசிக் கட்டு பாக்கி இருந்தது. தலைமை அலுவலகத்து ஆள் அன்று வந்திருந்தார். மேனேஜர் அவரை அழைத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்குள் வருகிறார். என் மனைவி கை கழுவிவிட்டு, புடவை முந்தானையில் துடைத்தபடி வருகிறாள். நான் அதற்கு முன்பே கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹோம் தட்டிவிட்டு என் இடத்துக்கு வந்திருந்தேன்.

மேனேஜர் பெருமையாகக் காட்டினார். "இவங்கதான் சார். வேகத்தைப் பாருங்க." அவர்கள் பின்னால் நிற்க, அவள் தாளைப் பார்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். அவர்கள் கண் திரையில். நூல் மொத்தமும் ஒரு நொடியில் காணாமல் போய், வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் ஒற்றை வரி ஓடுவதை அவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். "என்னம்மா பண்றீங்க?" என்று மேனேஜர் கத்தினார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

அந்த முகத்தை நான் இங்கே வர்ணிக்கப்போவதில்லை. நான் ஓடினேன். அவள் விரல்களை விசைப்பலகையிலிருந்து மெதுவாக எடுத்து மடியில் வைத்தேன். கன்ட்ரோலும் இஸட்டும் தட்டினேன். பறவைகள் அத்தனையும் திரும்பி வந்தன, நீலமாகவே வந்தன. பூதக்கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாரும் என்னைக் கடவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. "ஒண்ணும் போகல. அவளே தெரியாம எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டு மேல அடிச்சுட்டா. யாருக்கும் வர்றதுதான்" என்றேன். தலைமை அலுவலகத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று, அங்கேயே, எல்லார் முன்னாலும், "சார், என்னால முடியாது. எனக்கு உடம்பு சரியில்ல. வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போலாங்க" என்றாள். அவளே வேலையை விட்டாள். நான் ஒரு முறைகூட விடச் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். மனைவியை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? பொறாமை இல்லை என்று நான் முதலிலேயே சொன்னதற்கு இதுவே சான்று.

எங்கள் பக்கத்து டாக்டர் நான் சொன்னதைக் கேட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நேரம் தவறாமல் நான்தான் கொடுக்கிறேன். பகலெல்லாம் தூங்குகிறாள். எழுந்தால் என்னைத் தேடுகிறாள். குளிக்கப் போகும் முன்னால், "போகட்டுமா?" என்று கேட்கிறாள். மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா போன்ல நல்லாத்தானேப்பா பேசினாங்க. நீங்க லைன்ல வந்தாத்தான் தடுமாறறாங்க" என்று சண்டை போட்டு உங்களிடம் அனுப்பிவைத்தாள். அவளும் உங்களைப் போலத்தான், கண் கூர்மை.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வேலையை விட்ட பிறகு நான் எதையும் செய்யவில்லை. வீட்டில் கணினியே கிடையாது. இருந்தும் அவள் மறக்கிறாள். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுகிறாள். பேருந்தில் எங்கள் நிறுத்தம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் மகளுடைய பெயர் வாயில் வராமல் என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள். இதை எல்லாம் நானா செய்தேன்? அப்படியானால் நோய் அவளுக்குள் முன்பே இருந்திருக்கிறது. வெளியே தெரியாமல் இருந்ததை நான் நேரத்தோடு கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். இது மாத்திரையின் வேலை, பயத்தின் வேலை என்று நீங்கள் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தவன் இல்லை, உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் தனியாக அனுப்பலாம் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அங்கே அவளுக்கு எது சரி, எது தப்பு என்று யார் சொல்வார்கள்?

அவளை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன் என்கிறீர்கள். அது உங்கள் கடமை. நான் தடுக்க மாட்டேன். கதவைத் திறந்து கூப்பிடுங்கள், இந்த நாற்காலியில் உட்காரவையுங்கள், நான் சொன்னதை ஒரு வரி விடாமல் சொல்லுங்கள். நீல நிறம், மரங்கொத்தி, கடைசிக் கட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். யாரையும் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நீங்கள் முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அப்படியாங்க?" என்று கேட்பாள்.

இல்லை என்று சொல்வேன். அவளுக்கு நிம்மதியாகிவிடும்.